பெரிய ட்ரோன் சர்வே வேலைகளுக்குக் கணினியும் வேலைமுறையும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டையில் தொடங்கி மணலி, எண்ணூர், மீஞ்சூர் வரை சின்னச் சின்ன அலுவலகங்களில் ட்ரோன் சர்வே நடக்கிறது. குப்பைமேட்டுக் கொள்ளளவு, சாம்பல் குளம், கால்வாய்க் கரை, கன்டெய்னர் யார்டு, புதிய சாலை என்று வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரை நாளில் எடுத்து முடித்த படங்கள் ஆபீஸுக்கு வந்து, அவற்றை ஒன்றாக இணைத்து வரைபடமாக்கும் ப்ராசஸிங்குக்காக ஒரு வாரம் கணினியில் மாட்டிக்கொள்கின்றன. அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

பறப்பதற்கு முன்பே எத்தனை படம் வரும் என்று கணக்குப் போட முடியுமா?

முடியும், போட்டே ஆகவேண்டும். எந்தக் கணினி போதும் என்பதை முடிவு செய்வது இந்த எண்தான். பலரும் முதலில் கணினியை வாங்கிவிட்டுப் பிறகு இந்தக் கணக்குக்கு வருகிறார்கள்.

பேந்தம் 4 ஆர்டிகே என்ற சர்வே ட்ரோனை எடுத்துக்கொள்வோம். 1 அங்குல சென்சார், ஒரு படம் 5472 × 3648 பிக்சல். 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் 2.74 செ.மீ. பிடிக்கும். அதாவது ஒரு படத்துக்குள் 150 மீ × 100 மீ நிலம் அடங்கும். ஒரு படம் அடுத்த படத்தின் மேல் படியும் அளவை (ஓவர்லேப்) முன்பின் 80%, பக்கவாட்டில் 70% வைத்தால் 20 மீட்டருக்கு ஒரு படம், 45 மீட்டருக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு படத்தின் பங்குக்கும் 900 சதுர மீட்டர் புது நிலம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 படம் வரும், ஓரங்களில் கூடுதலாகப் பறப்பதையும் சேர்த்தால் 1,300 வரை போகும்.

இனி கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. 300 ஏக்கருக்கு மேல் பரப்பு, அதாவது 1.2 சதுர கிலோமீட்டருக்கு மேல். 100 மீட்டரில் பறந்தால் 1,500 படத்தை ஒட்டி வரும். 'இன்னும் தெளிவாக இருக்கட்டும்' என்று 60 மீட்டருக்கு இறக்கினால் ஒரு படத்தின் பங்கு 324 சதுர மீட்டராகச் சுருங்கி, எண்ணிக்கை 4,000-ஐத் தொடும். பிக்சல் 2.7 செ.மீ.யிலிருந்து 1.6 செ.மீ.க்கு வந்தது என்னவோ உண்மை. ஆனால் குப்பையின் கன அளவு கேட்பவருக்கு அந்த ஒரு சென்டிமீட்டரால் எந்தப் பலனும் இல்லை. உயரத்தைப் பாதியாக்கினால் படங்கள் நான்கு மடங்காகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்கு உண்மையில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

மேடான இடங்களில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 60 மீட்டரில் பறக்கிறீர்கள், நடுவில் மேடு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு மேலே ட்ரோன் 40 மீட்டரில்தான் இருக்கும். அங்கே 80% முன்பின் ஓவர்லேப் 70 ஆகவும், 70% பக்க ஓவர்லேப் 55 ஆகவும் குறைந்துவிடும். கொள்ளளவுக்கு முக்கியமான உச்சிப் பகுதியிலேயே ஓட்டை விழுவதற்குக் காரணம் இதுதான். தரையைப் பின்தொடர்ந்து பறக்கும் வசதியைப் போடுங்கள். ட்ரோனில் அது இல்லையென்றால், மேட்டின் உச்சியிலிருந்து ட்ரோனை ஏற்றி ஓவர்லேப் கணக்கை உச்சிக்கே போடுங்கள்.

உயரத்துக்குச் சட்ட வரம்பும் உண்டு. 2021 ட்ரோன் விதிகளின்படி முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைதான். துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை என்று அடுத்தடுத்து இருக்கும் பகுதி இது. எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பறக்கும் நாளன்றே பார்த்துவிடுங்கள்.

ரேம் எவ்வளவு வேண்டும்?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பணம் போக வேண்டிய இடம் ரேம். ப்ராசஸர் மெதுவானது என்றால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். ரேம் போதவில்லை என்றால் வேலை முடியவே முடியாது.

ஓபன்டிரோன்மேப் என்ற இலவச ப்ராசஸிங் சாஃப்ட்வேரின் கையேடு தோராயமாக ஒரு கணக்குத் தருகிறது: 250 படத்துக்கு 16 ஜிபி, 500-க்கு 32, 1,500-க்கு 64, 2,500-க்கு 128, 3,500-க்கு 192, 5,000 படத்துக்கு 256 ஜிபி. மேலே போட்ட கொடுங்கையூர் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 மீட்டரில் பறந்தால் 64 ஜிபி கணினி போதும். 60 மீட்டரில் பறந்தால் 192 ஜிபியும் தாண்டுகிறது. பறக்கும் உயரத்தில் 40 மீட்டரை மாற்றியதற்கு ஒரு கணினியின் விலை.

மெட்டாஷேப் என்ற கட்டண சாஃப்ட்வேர் இவ்வளவு கேட்காது. வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஓட்டும் வசதியைப் போட்டுவிட்டால் 64 ஜிபியிலேயே சில ஆயிரம் படங்கள் நகரும். ஆனால் ஸ்டாண்டர்டு பதிப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் ஜிசிபியும் (தரையில் அளந்து வைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளி) கிடையாது, உயர வரைபடமும் வராது. சர்வே வேலைக்கு ப்ரொஃபஷனல் பதிப்புதான்.

கிராபிக்ஸ் கார்டில் எவ்வளவு போடலாம்?

நடுத்தரமாக ஒன்று போதும். ப்ராசஸிங்கில் எல்லாக் கட்டமும் கார்டைப் பயன்படுத்துவதில்லை. மெட்டாஷேப்பில் படங்களுக்குள் பொதுப் புள்ளி தேடும்போதும் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும் டெப்த் மேப் போடும்போதும்தான் கார்டு முழுமூச்சாக ஓடும். கேமரா நிலைகளைச் சரிசெய்யும் கணக்கு, உயர வரைபடம், படங்களை ஒட்டி அளவு சரியாக்கிய ஆர்த்தோ வரைபடம் எல்லாம் ப்ராசஸர், ரேம், டிஸ்க்கின் வேலை. ஓபன்டிரோன்மேப்பில் கார்டின் பங்கு இன்னும் குறைவு. அதன் ஜிபியு பதிப்பைத் தனியாக இறக்கினால்தான் அந்தப் பங்கும் கிடைக்கும்.

12 ஜிபி நினைவகம் உள்ள என்விடியா கார்டு, உதாரணமாக ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர், பெரும்பாலான வேலைக்குப் போதும். அதற்கு மேல் போடும் பணத்தை ரேமில் போடுங்கள். வாங்கிய பிறகு மெட்டாஷேப் அமைப்பில் இரண்டைச் சரிபாருங்கள். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் உள்கிராபிக்ஸை டிக் எடுத்துவிடுங்கள். கார்டு வேலை செய்யும்போது ப்ராசஸரையும் சேர்த்து ஓட்டும் தேர்வையும் எடுத்துவிடுங்கள். நல்ல கார்டு இருக்கும்போது இவை இரண்டும் வேகத்தை இழுத்துப் பிடிக்கின்றன.

லேப்டாப் போதாதா?

களத்தில் படம் சரியாக வந்ததா என்று பார்க்க லேப்டாப் வேண்டும். 500 படம் வரை ஓட்டவும் செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம். மே மாத வெக்கையில் 6 மணி நேரம் தொடர்ந்து ஓடும் லேப்டாப் சூட்டைத் தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காகிதத்தில் உள்ள வேகம் கையில் கிடைக்காது.

இன்றைக்கு ஒரு கணினி கட்டினால் என்னென்ன போடுவது?

ரிச்சி தெருவில் ஒரு மாலைக்குள் வாங்கிவிடக்கூடிய பாகங்களையே சொல்கிறோம். ரைசன் 9 9950எக்ஸ், 16 கோர். அதற்கேற்ற ஏஎம்5 போர்டு, நான்கு ரேம் இடங்களுடன். 48 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, மொத்தம் 96 ஜிபி. 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 850 வாட் பவர் சப்ளை, தரமான கம்பெனி. 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி இரண்டு. 8 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று. காற்று நன்றாகப் போகும் கேபினெட், கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியுடன்.

ரேமைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. நான்கு ரேம் போட்டு 192 ஜிபி ஆக்கலாம், ஆனால் இந்த ப்ராசஸர் இரண்டு ரேமுக்கு 5600 வேகமும் நான்குக்கு 3600 வேகமும்தான் உத்தரவாதமாகத் தருகிறது. பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கிறது என்பதற்காக நான்கையும் அந்த வேகத்தில் ஓட்டினால், கேம் ஓடும், பிரவுசர் ஓடும், ப்ராசஸிங் 14-ஆவது மணி நேரத்தில் விழும். அப்போது சாஃப்ட்வேரைத் திட்டிப் பயனில்லை. புது ரேம் போட்டதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு இரவு முழுக்க ஓடட்டும். ஒரு பிழை காட்டினாலும் வேகத்தைக் குறையுங்கள். இன்னொன்று: டிடிஆர்5 முதல் முறை பவர் போட்டதும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழகிக்கொண்டிருக்கிறது. போர்டு செத்துவிட்டது என்று நினைத்து சுவிட்சை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், காத்திருங்கள்.

பழைய கணினி வாங்குகிறவர்கள் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் கவனமாக இருங்கள். அதிக வோல்டேஜால் நிலைதடுமாறும் சிக்கல் 2024-இல் வெளிவந்து, இன்டெல் பயாஸ் (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) வழியாகத் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயாஸ் புதுப்பிக்காமல் ஏற்கெனவே தேய்ந்துபோன ப்ராசஸரைத் திருத்தம் மீட்டுத் தராது.

எஸ்எஸ்டி ஏன் இரண்டு?

ஒன்றில் விண்டோஸும் சாஃப்ட்வேரும். இன்னொன்றில் நடப்பு ப்ராஜெக்ட் மட்டும். 4,000 படம் ஒன்றுக்கு 8 எம்பி என்றால் மூலப்படங்கள் 32 ஜிபிதான். ஆனால் டெப்த் மேப், புள்ளித்திரள் (நிலத்தின் முப்பரிமாணப் புள்ளிகள்), ஆர்த்தோ, தற்காலிகக் கோப்புகள் எல்லாம் சேர்ந்து அதன் பல மடங்கு இடத்தை விழுங்கும். மூலப்படத்தைப் போல் குறைந்தது 10 மடங்கு காலியிடம் இல்லாமல் தொடங்காதீர்கள். டிஸ்க் நிறைந்து நிற்கும் வேலை பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் நிற்கும்.

வாங்கும்போது டிஎல்சி வகை, டிராம் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த கியூஎல்சி எஸ்எஸ்டியில் கேஷ் (தற்காலிக வேக நினைவகம்) நிறையும் வரை எல்லாம் பறக்கும். நிறைந்த பிறகு எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். நம் வேலையில் அந்த கேஷ் நிச்சயம் நிறையும்.

நெட்வொர்க்கில் உள்ள பொது டிஸ்க்கிலிருந்து நேரடியாக ப்ராசஸிங் ஓட்டாதீர்கள். சாதாரண ஜிகாபிட் கேபிள் நொடிக்கு 110 எம்பியைச் சுற்றித்தான் தரும், நல்ல என்விஎம்இ அதைப்போல் பல பத்து மடங்கு தரும்.

உப்புக்காற்று, சாம்பல், கரண்ட்: இதற்கெல்லாம் என்ன செய்வது?

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் ஜன்னல் திறந்த அறையில் வைத்த கணினியின் வடிகட்டியை ஒரு மாதம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். விரலில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி ஒட்டும். உப்பு ஈரம் அதன்மேல் படிந்தால் அது பொடியாக இருக்காது, பசையாகிவிடும். அப்புறம் புளோயரால் ஊதினாலும் வராது. வடிகட்டியை 15 நாளுக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். உள்ளே மாதம் ஒருமுறை ஊதுங்கள், ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் கணினி எழும்பவில்லை என்றால் முதலில் ரேமைக் கழற்றி, தங்கப்பல்லை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மாட்டிப் பாருங்கள். கடலோரத்தில் பாதி நோய் அங்கேதான் இருக்கும்.

சூட்டுக்கு ஏசி அறை நல்லது. அதோடு, ரைசனை பயாஸில் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடில் 105 வாட்டுக்கு இறக்கிவிட்டால் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நிறையவே குறையும். கோடையில் இதைத் தயங்காமல் செய்யுங்கள்.

யூபிஎஸ் கணக்கு இப்படி: ப்ராசஸர் 200 வாட், கார்டு 220, மற்றது 80, ஆக 500 வாட். மானிட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் 1 கேவிஏ என்று விற்பதில் பல 600 வாட்தான் தாங்கும். கார்டு திடீரென இழுக்கும்போது அது கத்திக்கொண்டு அணைந்துவிடும். 1.5 முதல் 2 கேவிஏ வாங்குங்கள். யூபிஎஸ்ஸை வைத்து இரவு முழுக்க ஓட்ட முடியாது. கரண்ட் போனால் சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்த 10 நிமிடம் கிடைக்கும், அதற்குத்தான் அது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பழைய கட்டடங்களில் மூன்றாவது துளை சும்மா இருக்கும்.

இன்னொரு சொல்: கணினியையும் பேக்கப் டிஸ்க்கையும் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் தண்ணீர் எவ்வளவு நாள் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். மேசை உயரத்துக்கு மேலே அலமாரியில் வையுங்கள்.

மெமரி கார்டிலிருந்து படங்களை இறக்குவதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சில ட்ரோன்கள் ஒவ்வொரு ஃபோல்டரிலும் 0001-இலிருந்து எண்ணைத் தொடங்கும். மூன்று பறப்பின் படங்களை ஒரே ஃபோல்டரில் போட்டு 'மாற்றி எழுதவா' என்ற கேள்விக்கு ஆமாம் அழுத்தினால் முதல் இரண்டு பறப்பும் காலி. பறப்புக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, தேதி, இடம், பறப்பு எண் மூன்றையும் பெயரில் வையுங்கள். '20250114_கொருக்குப்பேட்டை_பறப்பு3' என்பதுபோல. ஆனால் உண்மையான ஃபோல்டர் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழ்ப் பெயரோ இடைவெளியோ இருந்தால் சில சாஃப்ட்வேர் பாதியில் கோப்பைக் காணோம் என்று நிற்கும்.

நகலெடுத்து முடித்ததும் எண்ணிக்கையைப் பாருங்கள், மொத்த அளவையும் பாருங்கள். டெராகாப்பி போன்ற நகலெடுக்கும் சாஃப்ட்வேரில் சரிபார்க்கும் தேர்வைப் போட்டு எடுங்கள். கார்டை அழிப்பது இரண்டாவது டிஸ்க்கில் நகல் ஏறிய பிறகுதான். படங்களை வாட்ஸப்பிலோ எடிட்டரிலோ ஒருமுறை போட்டுச் சேமித்தால் ஜிபிஎஸ் தகவல் போய்விடக்கூடும், போனால் அந்தப் படத்தால் பயன் குறைவு.

ப்ராசஸிங்கை எந்த வரிசையில் செய்வது?

முதலில் மங்கிய படங்களை நீக்குங்கள். மெட்டாஷேப்பில் படத்தின் தரத்தை மதிப்பிடும் வசதி உண்டு. 0.5-க்குக் கீழே வருவதை ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்த படங்களையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுத்தது என்று கண்டுபிடித்து இணைப்பது. இங்கே ஒரே ஒரு தேர்வு நாள் கணக்கை மணிக் கணக்காக்கும். 5,000 படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 1 கோடியே 25 லட்சம் ஜோடி. ஜிபிஎஸ்ஸை வைத்துப் பக்கத்துப் படங்களோடு மட்டும் ஒப்பிடச் சொன்னால், படத்துக்கு 40 அண்டை என்று வைத்தாலும் 1 லட்சம் ஜோடிதான். அதனால் இந்த ரெஃபரன்ஸ் ப்ரீசெலக்ஷன் தேர்வைப் போடாமல் ஓட்டவே கூடாது. துல்லியம் ஹை, கீ பாயின்ட் (ஒரு படத்தில் தேடும் அடையாளப் புள்ளிகள்) 40,000 என்பது வழக்கமான தொடக்கம். மெக்கானிக்கல் ஷட்டர் இல்லாத ட்ரோன் என்றால் ரோலிங் ஷட்டர் திருத்தத்தையும் போடுங்கள்.

அலைன்மென்ட் முடிந்ததும் டென்ஸ் க்ளவுடுக்கு (அடர்ந்த புள்ளித்திரள்) ஓடாதீர்கள். இங்கே நின்று பாருங்கள். எத்தனை படம் இணையவில்லை, எந்த வரிசையில் இணையவில்லை, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தரை கிண்ணம் போல வளைகிறதா? நேர்கீழே பார்த்து மட்டும் எடுத்து, ஜிசிபியும் குறைவாக இருந்தால் இந்த வளைவு வரும். கொள்ளளவு வேலையில் இது பணத்தைத் தின்னும் பிழை. குறுக்கும் நெடுக்கும் பறப்பது, சில சாய்வுப் படங்கள் சேர்ப்பது, ஜிசிபியை ஓரங்களோடு நடுவிலும் வைப்பது ஆகிய மூன்றும்தான் மருந்து.

ஜிசிபி குறிப்பது பொறுமையான வேலை. சதுர கிலோமீட்டருக்கு 5 முதல் 8 புள்ளி, அதற்கு மேல் பிழையைச் சோதிக்க மட்டும் 3 செக் பாயின்ட். செக் பாயின்ட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் அது செக் பாயின்ட்டே இல்லை. 60 செ.மீ. கறுப்பு வெள்ளைப் பலகை 2.7 செ.மீ. பிக்சலில் 22 பிக்சல் அகலம் தெரியும், நடுவைத் துல்லியமாகப் பிடிக்கலாம். 20 செ.மீ. பலகை 7 பிக்சல்தான். மையம் எது என்பதில் ஆளுக்கு ஒரு முடிவு வரும்.

கோஆர்டினேட் போடும்போது ஈஸ்டிங் (கிழக்கு அளவு), நார்த்திங் (வடக்கு அளவு) இடம் மாறுவது அடிக்கடி நடக்கும். சென்னை, யூடிஎம் என்ற கோஆர்டினேட் முறையில் 44 வடக்கு மண்டலம், சாஃப்ட்வேரில் அதன் குறியீட்டு எண் ஈபிஎஸ்ஜி 32644. வடசென்னையில் ஈஸ்டிங் 4 லட்சத்து 20 ஆயிரத்தை ஒட்டி வரும், நார்த்திங் 14 லட்சத்து 50 ஆயிரத்தை ஒட்டி வரும். 4-இல் தொடங்கும் ஆறு இலக்கம் ஈஸ்டிங், 14-இல் தொடங்கும் ஏழு இலக்கம் நார்த்திங். இதை மானிட்டரில் ஒட்டிவைத்துவிட்டால் ஒரு நாள் வேலை மிச்சம்.

ஜிசிபி குறித்து, கேமரா நிலைகளை மறுபடி சரிசெய்து, செக் பாயின்ட் பிழை பொறுக்கக்கூடிய அளவுக்கு வந்த பிறகுதான் டெப்த் மேப். இங்கே தரத்தில் ஒரு படி ஏறினால் பிக்சல் நான்கு மடங்கு. 2.74 செ.மீ. படத்தில் ஹை என்றால் சுமார் 5.5 செ.மீ.க்கு ஒரு புள்ளி, மீடியம் என்றால் 11 செ.மீ.க்கு ஒன்று. மண்மேடு, குப்பைமேடு, நிலக்கரிக் குவியலுக்கு மீடியம் தாராளம். கட்டட விளிம்பு, நடைபாதைக் கல் வேண்டுமென்றால் ஹை. அல்ட்ரா ஹையை மறந்துவிடுங்கள்.

5,000 படத்துக்கு மேல் போனால்?

மெட்டாஷேப்பில் எல்லாவற்றையும் ஒன்றாக அலைன் செய்து, ஜிசிபியும் ஒன்றாகக் குறித்து, அதற்குப் பிறகு கட்டம் கட்டமாக வெட்டி டென்ஸ் க்ளவுடு போடுங்கள். முன்பே வெட்டி தனித்தனியாக அலைன் செய்தால், இரண்டு துண்டு சேரும் இடத்தில் சில சென்டிமீட்டர் படி தெரியும். சம உயரத்தைக் காட்டும் கான்டூர் கோடு அங்கே உடையும், வாடிக்கையாளர் முதலில் கைவைப்பதும் அங்கேதான்.

ஓபன்டிரோன்மேப்பில் வேலையைத் துண்டாக்கும் ஸ்ப்ளிட் தேர்வு இருக்கிறது. துண்டுக்கு 400 முதல் 800 படம், துண்டுகளுக்கு இடையே 100 முதல் 150 மீட்டர் ஓவர்லேப் என்று தொடங்கிப் பாருங்கள். ரேம் 64 ஜிபிதான் என்றாலும் இப்படிப் பெரிய வேலையை முடிக்கலாம், நேரம் மட்டும் கூடும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் போதுமான ஜிசிபி விழுகிறதா என்று முதலிலேயே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

வெப்ஓடிஎம் (ஓபன்டிரோன்மேப்பின் பிரவுசர் முகப்பு) பாதியில் 137 என்று காட்டி நின்றுவிடுகிறது. ஏன்?

ரேம் தீர்ந்து, இயங்குதளமே அந்த வேலையைக் கொன்றுவிட்டது என்று பொருள். 'என்னிடம் 64 ஜிபி இருக்கிறதே' என்பார்கள். விண்டோஸில் வெப்ஓடிஎம்மை ஓட்டும் டாக்கர் இயங்கும் லினக்ஸ் அடுக்குக்கு இயல்பாகக் கிடைப்பது மொத்த ரேமில் பாதிதான். பயனர் ஃபோல்டரில் அந்த அடுக்குக்கான டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் கோப்பில் மெமரியை 56 ஜிபி என்றும், ரேம் தீர்ந்தால் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் ஸ்வாப்பை 64 ஜிபி என்றும் எழுதி, கணினியை மறுபடி தொடங்குங்கள். ஸ்வாப் கோப்பு என்விஎம்இயில் இருக்கட்டும். இதே வேலைக்கென்றே ஒரு கணினி இருந்தால் நேரடியாக உபுண்டு லினக்ஸ் போட்டுவிடுங்கள், இந்தத் தொல்லையே கிடையாது.

இரவு ஓட்டிவிட்டுப் போனால் காலையில் நின்றிருக்கிறது.

ஸ்லீப்பை அணைத்தீர்களா? விண்டோஸ் அப்டேட்டைச் சில வாரம் தள்ளிவைத்தீர்களா? ஆன்டிவைரஸில் ப்ராஜெக்ட் ஃபோல்டரை விலக்கினீர்களா? ப்ராஜெக்ட் டெஸ்க்டாப்பில் இருந்து ஒன்டிரைவ் அதை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறதா? நான்கையும் பாருங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சேமிக்கும்படி பேட்ச் முறையில் ஓட்டினால், நின்றாலும் ஒரு கட்டம்தான் நஷ்டம்.

எண்ணூர் கழிமுகம், கொசஸ்தலையாற்றில் தண்ணீர் மேலே ஓட்டை ஓட்டையாக வருகிறது.

தண்ணீரில் பொதுப் புள்ளி கிடைக்காது. அலை நகர்கிறது, வெயில் மினுக்குகிறது, ஒரு படத்தில் இருந்தது அடுத்த படத்தில் இல்லை. எந்தக் கணினியும் இதைச் சரிசெய்யாது. ஒவ்வொரு படத்திலும் கரையோ, அலையாத்திச் செடியோ, பாலமோ கொஞ்சமாவது விழும்படி உயரத்தைக் கூட்டுங்கள், வரிசைகளைக் கரைக்குக் குறுக்காகப் போடுங்கள். சூரியன் தலைக்கு மேலே நிற்கும் நேரத்தைத் தவிருங்கள். ப்ராசஸிங்கில் தண்ணீரை மாஸ்க் செய்து (மறைத்து), உயர வரைபடத்தில் அந்தப் பகுதியைச் சமதளமாக நிரப்புங்கள்.

கரைக்கோடு வேண்டுமென்றால் முழுப் பகுதியையும் ஒரே ஓதத்தில் பறந்து முடியுங்கள். சென்னைக் கடற்கரையில் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டரை ஒட்டித்தான், ஆனால் சேற்றுத் திட்டில் அந்த ஒரு மீட்டரில் கோடு வெகுதூரம் நகர்ந்துவிடும். காசிமேட்டில் கட்டியிருக்கும் படகுகளுக்கும் இதே கதைதான். காற்றில் ஆடும் படகு ஆர்த்தோவில் இரட்டையாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரே படத்தைத் தேர்ந்து ஒட்டுங்கள்.

உயரம் மைனஸ் 80-க்குக் கீழே காட்டுகிறது. ட்ரோன் கெட்டுவிட்டதா?

இல்லை. ஜிபிஎஸ் தரும் உயரம் எலிப்சாய்டிலிருந்து (பூமியைக் குறிக்கும் கணித வடிவம்) எடுத்தது, கடல்மட்டத்திலிருந்து அல்ல. தென்னிந்தியப் பகுதியில் இரண்டுக்கும் இடைவெளி மிக அதிகம். சென்னையில் கடல்மட்டத்தைக் குறிக்கும் ஜியாய்டு எலிப்சாய்டுக்கு 80 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ப்ராசஸிங் சாஃப்ட்வேரில் ஈஜிஎம்2008 ஜியாய்டு கோப்பை ஏற்றுங்கள். சர்வேயர் லெவல் எடுத்த பெஞ்ச்மார்க் இருந்தால் அதோடு ஒப்பிட்டு மிச்சத்தைச் சரிசெய்யுங்கள். ஜிசிபி கடல்மட்ட உயரத்திலும் படங்கள் எலிப்சாய்டு உயரத்திலும் இருந்தால் இரண்டும் கலந்து குழம்பும். எது எந்த உயரம் என்று ஃபோல்டரில் ஒரு குறிப்புக் கோப்பு போட்டுவையுங்கள்.

க்ளவுடில் ஏற்றி ஓட்டிவிட்டால் கணினியே வேண்டாமே?

எப்போதாவது வரும் பெரிய வேலைக்கு அது நல்ல வழிதான். ஆனால் சர்வர் இந்தியாவுக்குள் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2021 பிப்ரவரி 15 அன்று வந்த புவிசார் தரவு வழிகாட்டுதலின்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் உயரத்தில் 3 மீட்டரையும் விடத் துல்லியமான தரவை இந்தியாவுக்குள் உள்ள சர்வரிலோ உள்நாட்டு க்ளவுடிலோதான் வைத்து ப்ராசஸ் செய்யலாம். நாம் எடுக்கும் சென்டிமீட்டர் கணக்குப் படங்கள் எல்லாம் அதற்குள் வரும். ஏற்றும் வேகத்தையும் பாருங்கள். நொடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 32 ஜிபிக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் கணினியில், உங்கள் அமைப்பில், 200 படத்தை ஓட்டி ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் குறியுங்கள். மற்றவர் சொல்லும் நேரம் உங்களுக்குப் பொருந்தாது. டெப்த் மேப் நேரம் படக் கணக்கோடு கிட்டத்தட்ட நேராகக் கூடும். கேமரா சரிசெய்யும் கணக்கு அதைவிட வேகமாகக் கூடும். வரும் எண்ணோடு பாதியைச் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒருமுறையாவது மறுபடி ஓட்டவேண்டி வரும். கரண்ட் செலவும் கேட்பார்கள்: 450 வாட்டில் 10 மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட்.

ஆர்த்தோவை வாடிக்கையாளரின் கணினி திறக்க மறுக்கிறது.

ஒரு சதுர கிலோமீட்டர், 2.74 செ.மீ. பிக்சல் என்றால் 133 கோடி பிக்சல். சுருக்காமல் வைத்தால் 4 ஜிபி வரும், ஆல்ஃபா அடுக்கையும் சேர்த்தால் 5 ஜிபியைத் தாண்டும். சாதாரண டிஃப் கோப்பு 4 ஜிபியோடு நின்றுவிடும். பிக்டிஃப் தேர்வைப் போட்டு ஏற்றுமதி செய்யுங்கள், உள்ளே பிரமிடு அடுக்குகளை (சிறிதாக்கிய நகல்கள்) சேர்த்துவிடுங்கள், பார்வைக்கு மட்டும் என்றால் ஜேபெக் சுருக்கம் போதும். உயர வரைபடத்துக்கு ஜேபெக் போடவே கூடாது, அது உயர எண்களையே மாற்றிவிடும். அங்கே எண்ணை மாற்றாத எல்இசட்டபிள்யூ சுருக்கம் போடுங்கள். இன்னும் கஷ்டப்பட்டால் 500 மீட்டர் சதுரங்களாக வெட்டி, அட்டவணை வரைபடம் ஒன்றோடு கொடுங்கள்.

கான்டூர் கேட்டால் டிஎஸ்எம்மிலிருந்து (மேற்பரப்பு உயர வரைபடம்) எடுக்காதீர்கள். அதில் கூரையும் மரமும் நிறுத்திய லாரியும் குன்றுகளாக நிற்கும். புள்ளித்திரளில் தரையை மட்டும் பிரித்து டிடிஎம் (வெறும் தரையின் உயர வரைபடம்) எடுத்து, அதிலிருந்து போடுங்கள். கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை போன்ற நெருக்கமான தெருக்களில் கூரைக்கு நடுவே தரை ஒரு கோடாகத்தான் தெரியும். தானியங்கிப் பிரிப்பு அங்கே தடுமாறும். சர்வேயர் எடுத்த லெவல் புள்ளிகளைச் சேர்க்காமல் அந்தக் கான்டூரைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்த பிறகு எதை வைத்திருப்பது, எதை அழிப்பது?

மூலப்படம், ஜிசிபி கோப்பு, தரையில் வைத்த ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் இடங்காட்டி) பேஸின் மூலப்பதிவு, ப்ராஜெக்ட் கோப்பு, அறிக்கை, கொடுத்த இறுதி வெளியீடு: இவற்றை இரண்டு டிஸ்க்கில், ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கும்படி வையுங்கள். டெப்த் மேப்பும் தற்காலிகக் கோப்புகளும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாகும், அழித்துவிடலாம். டிஸ்க்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகித் திறந்து பாருங்கள். கடலோர ஈரத்தில் கனெக்டர் துருவேறுவது சத்தமில்லாமல் நடக்கும், பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பையைப் போட்டுவையுங்கள்.